ஊருக்குக் கடன் கொடுப்பது: நகராட்சிப் பத்திரம் என்றால் என்ன?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் மாதச் சாமான் வாங்கும் மளிகைக்கடை அண்ணாச்சி, துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார்: "தம்பி, மெட்ராஸ் கார்ப்பரேஷன் என்னமோ பத்திரம் போட்டுத் துட்டு வாங்கிருக்காம்லா. வட்டி எட்டுக்கிட்ட வருதுங்கான். நம்மள மாதிரி ஆளு போடலாமா?" பேங்கில் அவர் போட்டு வைத்திருந்த டெபாசிட் ஒன்று அடுத்த மாதம் முடிகிறது. அதுதான் விஷயம்.

கேள்வி சரியானதுதான். ஆனால் அவர் முதலில் பேசியது வட்டியை. அதே அண்ணாச்சி கடையில் பற்று எழுதும்போது அப்படிச் செய்யவே மாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் கணக்கில் எழுதும்போது கை தயங்காது. ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீளவிட மாட்டார். சீவலப்பேரிப் பக்கம் இருந்து வரும் ஒரு விவசாயிக்குப் பிசானம் அறுப்பு வரைக்கும் பொறுப்பார், ஆனால் பாபநாசம் அணையில் அந்த வருஷம் தண்ணீர் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான். ஆள் எதிலிருந்து திருப்பித் தருவார், எப்போது தருவார், தராவிட்டால் என்ன வழி என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிவிடும். அந்த நோட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு நகராட்சிப் பத்திரம் பாதி புரிந்த மாதிரிதான்.

சரி, பத்திரம் என்றால் என்ன? ஒரு மாநகராட்சிக்குக் குடிநீர்க் குழாய் பதிக்க, பாதாளச் சாக்கடை போட, மழைநீர் வடிகால் கட்ட மொத்தமாகப் பணம் வேண்டும். வரிப்பணமோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் மொத்தத் தொகையைச் சிறு சிறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு கொடுத்துக் கடன் வாங்குகிறது. 'இத்தனை வருஷத்தில் அசலைத் திருப்பித் தருகிறேன், அதுவரை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் வட்டி' என்பதுதான் அந்தச் சீட்டில் உள்ள வாக்கு. இப்போது காகிதச் சீட்டெல்லாம் கிடையாது, டீமேட் கணக்கில், அதாவது பங்கும் பத்திரமும் கம்ப்யூட்டரில் பதிவாகும் கணக்கில், எண்ணாக நிற்கும். வாங்கியவர் ஊருக்குக் கடன் கொடுத்தவர். அவ்வளவே. மாநகராட்சியில் அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது.

இந்த வித்தியாசத்துக்கு நம் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது. வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் போகத் தாமிரபரணியைத் தாண்டுகிறோமே, சுலோசன முதலியார் பாலம், அது 1843-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு ஊரில் பணம் வசூலிக்கத்தான் முதலில் திட்டம். ஆனால் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அது கொடை. கொடுத்த பணம் திரும்பி வராது, வர வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்தது வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. பங்கு வாங்கியவர்கள் கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள். கப்பல் ஓடி லாபம் வந்தால் அவர்களுக்கு, நின்றால் நட்டமும் அவர்களுக்கே. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் போட்டிக்கு வந்தது, வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 'பணத்தைத் திருப்பித் தா' என்று கேட்கும் உரிமை பங்குக்காரருக்கு இல்லை. கூட்டாளி என்றால் மூழ்குவதிலும் கூட்டாளிதான்.

பத்திரக்காரர் இந்த இரண்டு பேருமே இல்லை. ஊர் எவ்வளவு செழித்தாலும் சொன்ன வட்டிக்கு மேல் ஒரு பைசா அவருக்கு வராது. ஊர் கஷ்டப்பட்டாலும் சொன்ன வட்டியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உரிமை உண்டு என்றுதான் சொல்கிறேன், கைக்கு வருமா என்பது வேறு பேச்சு. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இந்தியாவில் இது 1997-ல் ஆரம்பித்தது. பெங்களூரு மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, மாநில அரசின் உத்தரவாதத்தோடு. மறு வருஷமே அகமதாபாத் 100 கோடிக்கு வெளியிட்டது, யாருடைய உத்தரவாதமும் இல்லாமல், தன் சொந்த வருமானத்தைக் காட்டி. தமிழ்நாட்டில் மதுரை 2001-ல் 30 கோடிக்கு வெளியிட்டது, ரிங் ரோட்டுக்காக. அப்புறம் 2002-03-ல் ஒரு புது யோசனை வந்தது. தனியாகப் போனால் யாரும் கடன் தர யோசிக்கும் சின்னச் சின்ன ஊர்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, குடிநீருக்கும் கழிவுநீர்த் திட்டங்களுக்கும் சுமார் 30 கோடி திரட்டினார்கள். அம்பாசமுத்திரமோ விக்கிரமசிங்கபுரமோ தனியாக மும்பைச் சந்தையில் போய் நின்றால் யார் என்று கேட்பார்கள். பத்து ஊர் சேர்ந்து நின்றால் கொஞ்சம் மதிப்பு. அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். ஏனோ அது பெரிதாகப் பரவவில்லை.

2015-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்த பிறகு மறுபடி வேகம் பிடித்தது. 2017-ல் புனே 200 கோடி, 2018-ல் ஹைதராபாத் 200 கோடி, 2020-ல் லக்னோ 200 கோடி. அதென்ன எல்லோரும் 200 என்று தோன்றும். பத்திரம் வெளியிடும் ஊருக்கு மத்திய அரசு 100 கோடிக்கு 13 கோடி வீதம் ஊக்கத்தொகை கொடுத்தது, அதுவும் 200 கோடி வரைக்கும்தான். நம்ம ஆட்கள் தள்ளுபடி எந்த அளவு வரை என்று பார்த்துச் சாமான் வாங்குகிற மாதிரிதான். அண்ணாச்சி சொன்ன சென்னைப் பத்திரம் 2025 மே மாதம் வந்தது: 205.59 கோடி, வட்டி 7.97 சதவீதம், கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகால் வேலைக்கு.

இங்கேதான் அண்ணாச்சிக்கு முதல் ஏமாற்றம். இந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவை பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரிய கைகள் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். சாதாரண ஆட்களுக்குக் கதவைத் திறந்தது இந்தூர். 2023 பிப்ரவரியில் 244 கோடிக்கு, 8.25 சதவீத வட்டியில். குறைந்தது 10,000 ரூபாய் இருந்தால் போதும். நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் பம்புகளுக்கு ஆகும் கரண்டு பில் இந்தூருக்குப் பெரிய பாரம். அதைக் குறைக்க ஜலூத் என்ற ஊரில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கத்தான் அந்தப் பணம்.

இந்தூர்ப் பத்திரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பத்திரம் 1,000 ரூபாய், ஆனால் உள்ளே நான்கு 250 ரூபாய்த் துண்டுகள். முதல் துண்டு 3 வருஷத்தில் முடியும், அடுத்தது 5-ல், அப்புறம் 7-ல், கடைசி 9-ல். அண்ணாச்சி 10,000 ரூபாய் போட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 412 ரூபாய் 50 காசு வட்டி வரும். மூன்று வருஷம் முடிந்ததும் அசலில் 2,500 ரூபாய் கைக்கு வந்துவிடும்; அதன் பிறகு மிச்சம் 7,500-க்குத்தான் வட்டி, அரை வருஷத்துக்கு 309 ரூபாய் சொச்சம். இப்படிக் குறைந்துகொண்டே போகும். பேங்க் டெபாசிட் மாதிரி கடைசி நாளில் மொத்தமாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான். வாங்குகிற பத்திரம் எப்படி முடிகிறது என்பதை விண்ணப்பத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இப்போது அண்ணாச்சியின் நோட்டுக்குத் திரும்புவோம். ஆள் எதிலிருந்து திருப்பித் தருவார்?

மாநகராட்சியின் வருமானம் நம் வீட்டு அலமாரியிலேயே ரசீதாகக் கிடக்கிறது. சொத்து வரி, காலி மனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், பேருந்து நிலையக் கடைகளின் வாடகை. இதற்கு மேல் மாநில அரசு பகிர்ந்து கொடுக்கும் நிதி. பத்திரம் இரண்டு வகையில் இதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் ஊரின் மொத்த வருமானமும் கடனுக்குப் பொறுப்பு. இன்னொன்றில் ஒரு குறிப்பிட்ட வருமானம் மட்டும்தான் பொறுப்பு: சாலை என்றால் அதில் வசூலாகும் சுங்கம், குடிநீர்த் திட்டம் என்றால் அதன் கட்டணம். முதல் வகை வாத்தியார் சம்பளம் மாதிரி, பல பக்கம் இருந்து தாங்கும். இரண்டாவது விவசாயி மாதிரி, அந்த ஒரு வெள்ளாமை பொய்த்தால் கைவிரிக்க வேண்டியதுதான்.

கடன் கொடுத்தவருக்குத் தைரியம் வர ஒரு ஏற்பாடு உண்டு, எஸ்க்ரோ கணக்கு. வசூலாகும் வரிப்பணம் முதலில் இந்தத் தனிக் கணக்கில் விழும்; பத்திரக்காரருக்கு உரிய வட்டியும் தவணையும் ஒதுக்கிய பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் கைக்குப் போகும். சம்பளக்காரர் வீட்டில் பால் பாக்கியையும் மளிகைப் பாக்கியையும் எடுத்துவைத்துவிட்டு மற்ற செலவைத் தொடுகிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கில் விழுவதற்கு வரி வசூலாக வேண்டுமே. தமிழ்நாட்டில் சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம், முதல் ஒரு மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகைகூட உண்டு. அப்படியும் எத்தனை வீட்டில் பாக்கி நிற்கிறது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். ஒரு ஊரின் பத்திரத்தை எடைபோட அந்த ஊரில் விதித்த வரியில் எவ்வளவு வசூலாகிறது என்பதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வேலையை நமக்காகச் செய்வதாகச் சொல்பவைதான் தரமதிப்பீட்டு நிறுவனங்கள். 'ஏஏஏ' என்றால் உச்சம், அதற்குக் கீழே 'ஏஏ', 'ஏ', 'பிபிபி' என்று இறங்கும். 'பிபிபி' வரிசைக்குக் கீழே போனால் முதலீட்டுக்கு ஏற்றதில்லை என்று அர்த்தம். இந்தூருக்கு ஒரு நிறுவனம் 'ஏஏ பிளஸ்' கொடுத்தது, இன்னொன்று 'ஏஏ'. இதையும் அணை மட்டம் மாதிரிதான் படிக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை அடி என்று தெரியும், நாளைக்கு மழை வருமா என்பது அதில் இருக்காது.

தராவிட்டால்? அரசாங்கம் சம்பந்தப்பட்டது, மூழ்காது என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. இந்தியாவில் இந்தச் சந்தை இன்னும் சின்னது, வயசும் குறைவு. அதனால் பழைய சந்தையான அமெரிக்காவைப் பார்ப்பது நல்லது. அங்கே 2011-ல் அலபாமா மாநிலத்தின் ஜெஃபர்சன் கவுண்டி (நம் ஜில்லா மாதிரி) திவாலானது. காரணம் கழிவுநீர்த் திட்டத்துக்கு வாங்கிய கடன். 2013-ல் டெட்ராய்ட் மாநகரமே திவால் மனு கொடுத்தது, மொத்தக் கடன் சுமார் 1,800 கோடி டாலர். கார்த் தொழில் சரிந்து, ஜனங்கள் ஊரைவிட்டுப் போய், வரி கட்ட ஆளில்லாமல் போன ஊர் அது. பத்திரக்காரர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கவில்லை. இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

நமக்குப் பக்கத்தில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் அமராவதி. மாநகராட்சி கிடையாது, தலைநகரைக் கட்ட ஆந்திர அரசு அமைத்த ஆணையம். 2018 ஆகஸ்டில் 2,000 கோடிக்குப் பத்திரம், வட்டி 10.32 சதவீதம். அதே வருஷம் பிப்ரவரியில் ஹைதராபாத் மாநகராட்சி 8.90-க்குக் கடன் வாங்கியிருந்தது. இன்னும் எழும்பாத ஊருக்கு ஏன் கூடுதல் வட்டி என்று யோசித்தால் விஷயம் விளங்கும். 2019-ல் ஆட்சி மாறியது, தலைநகர்த் திட்டம் நின்றது, பத்திரத்தின் தரமதிப்பீடும் இறக்கப்பட்டது. கூடுதல் வட்டி என்பது யாரும் தரும் பரிசு இல்லை, நாம் ஏற்கும் பயத்துக்குக் கூலி. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் மாதம் 3 சதவீதம் என்று சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுவிட்டு, அது பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்ற கதை உண்டு. அந்த மாதிரி நிறுவனங்களுக்காகவே தமிழ்நாடு 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, வழக்கும் வருஷக்கணக்கில் நடக்கும்.

இன்னொரு விஷயம். பேங்கில் போட்ட பணத்துக்கு, பேங்க் கவிழ்ந்தாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பத்திரத்துக்கு அது கிடையாது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி தராசுத் தட்டை கீழே வைத்துவிட்டார்.

பணமே தராமல் போவது பெரிய பயம். ஆனால் அதைவிட அடிக்கடி கடிப்பது வேறு ஒன்று, புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். வெளியே வட்டி விகிதம் ஏறினால் உங்கள் பத்திரத்தின் விலை இறங்கும். ஏன் என்று கடை வழியிலேயே பார்ப்போம். உங்களிடம் 8 சதவீதப் பத்திரம் ஒன்று, 1,000 ரூபாய், முடிய 10 வருஷம். வருஷத்துக்கு 80 ரூபாய் வட்டி. அடுத்த மாதமே அதே தரத்தில் புதுப் பத்திரம் 9 சதவீதத்துக்கு வருகிறது, அதாவது 90 ரூபாய். உங்களுடையதை யார் 1,000 கொடுத்து வாங்குவார்? விலை சுமார் 936-க்கு இறங்கினால்தான் வாங்குகிறவருக்குக் கணக்கு சரியாகும். முடிய 5 வருஷம்தான் இருந்தால் இறக்கம் அவ்வளவு இருக்காது, 961 வரும். வெளியே வட்டி 7-க்குக் குறைந்தால் தலைகீழ்: 10 வருஷப் பத்திரம் 1,070 போகும். ஆக, எவ்வளவு நீளமான பத்திரமோ அவ்வளவு ஆட்டம். முடியும் வரை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் வெறும் எண். நடுவில் விற்க வேண்டிய அவசரம் வந்தவருக்கு அதுவே நட்டம்.

விற்க ஆள் கிடைப்பதும் ஒரு பாடு. இந்தப் பத்திரங்கள் பங்குச் சந்தையில் பட்டியலாகியிருக்கும், ஆனால் தினமும் கைமாறுவது ரொம்பக் குறைவு. இதை நினைக்கும்போது எனக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில்தான் ஞாபகம் வரும். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில், வெள்ளம் வந்தால் மூழ்கும். வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வீட்டுப் பணத்திலும் இந்த இரண்டு வகை வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் கடைகளில் தண்ணீர் புகுந்தபோது வியாபாரிகளுக்கு அந்த வாரமே பணம் தேவைப்பட்டது. மூலவர் மாதிரி நகராத பத்திரத்தில் அத்தனையையும் வைத்திருந்தவர் என்ன செய்வார்? கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

வரியும் விலைவாசியும் பைய அரிக்கிற கறையான். வட்டி வருமானம் பொதுவாக உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். வரி விலக்கு என்று அரசு அறிவித்த பத்திரங்கள் மட்டும் வேறு. அமெரிக்காவில் நகராட்சிப் பத்திர வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி கிடையாது, அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 8 சதவீத வட்டியில் 20 சதவீதம் வரி போனால் மிச்சம் 6.4. அந்த வருஷம் விலைவாசி 5 சதவீதம் ஏறியிருந்தால் உண்மையில் கூடியது ஒன்றரைகூட இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அண்ணாச்சி கேட்டார், "அப்ப வேண்டாங்கியா?"

அப்படிச் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் துட்டு பேங்கிலேயே இருக்கட்டும். அஞ்சாறு வருஷம் தொட வேண்டியிருக்காத பணம் ஏதாவது இருந்தால், பொதுமக்களுக்கான பத்திரம் எந்த ஊராவது வெளியிடும்போது அதில் ஒரு பகுதியை மட்டும் போடலாம். டீமேட் கணக்கு வேண்டும், செபியில் பதிவான தரகர் வழியாகத்தான் போக வேண்டும். வாட்ஸப்பில் 'உத்தரவாதம்' என்று வரும் எதையும் தொடக் கூடாது.

"நம்ம ஊரு கார்ப்பரேஷன் போட்டா?"

போட்டால் முதலில் நான் பார்ப்பது வட்டியை இல்லை என்றேன். 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து உருவான மாநகராட்சி. நாலு மண்டலத்திலும் வரி வசூல் எப்படி, ஏற்கெனவே எவ்வளவு கடன், எந்த வேலைக்குப் பணம், அந்த வேலையிலிருந்து திரும்பக் காசு வருமா. அதெல்லாம் பார்த்த பிறகு வட்டி.

"எங்கடைக்கு இந்த அரையாண்டு தீர்வையைக் கட்டியாச்சு" என்றார் அண்ணாச்சி, ஏதோ நான் வசூலுக்கு வந்தவன் மாதிரி. அதற்குள் ஒரு பையன் வந்து, அம்மா ரெண்டு கிலோ பச்சரிசி வாங்கி வரச் சொன்னாள், கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னாள் என்றான். அண்ணாச்சி நோட்டை இழுத்து, பக்கத்தைப் புரட்டி, பேனாவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஏல, ஒங்கப்பாவுக்குச் சம்பளம் வந்துட்டா?"